ஈரக் கழிவு

மழை நாளில் கொழுந்து நனைந்து வரும்.
நூறு கிலோவுக்குப் பத்து கழிக்க வேண்டும்.
தண்ணீருக்குக் காசு கொடுக்க முடியாதாம்,
தொழிற்சாலை உத்தரவு.
கட்டபெட்டு எடைக்கொட்டகையில்
பதினொரு வருடமாகக் கழிக்கிறேன்.
இன்னும் கை கூசுகிறது.

என்னையும் கழித்துக்கொண்டுதான் இருந்தேன்.
குரூப் போட்டோவில் கடைசி வரிசை,
அதிலும் பக்கத்தில் நிற்பவளின் தோளுக்குப் பின்னால் பாதி.
மினி பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாகவே வரும்,
நான் கம்பியைப் பிடித்தபடி கோத்தகிரி வரை.
உடுத்தியது கறுப்பு, காப்பிப்பொடி, கருநீலம்.
"கறுப்பு ஒல்லியாக் காட்டும் யோகா" என்பாள்
நாத்தனார் சுகிர்தா.
யாருக்குக் காட்ட என்று கேட்டதில்லை.

ஊட்டி ஸ்வெட்டர்க் கடைகளில்
என்னைப் பார்த்ததும் ஆண்கள் பக்கம் கைகாட்டுவார்கள்.
அந்த ஸ்வெட்டர்களுக்குத் தோள் உண்டு,
மார்பு கிடையாது,
பொத்தான்கள் எதிர்ப்பக்கம்.
இருபது குளிர்காலம்
எதிர்ப்பக்கப் பொத்தான்களோடு போயிற்று.

போன கார்த்திகையில் மெஹருன்னிசாவிடம் போனேன்.
மருந்துக்கடை மாடி, இரண்டு மிஷின், ஒரு ஹீட்டர்.
கம்பளித் துணியை மேஜையில் விரித்தேன்:
கடுகுப்பூ மஞ்சள், நாலரை மீட்டர்.
டேப்பை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.
அறுபதில் டேப் தீர்ந்தது.
மூச்சை உள்ளே இழுத்தேன்.
"விடுக்கா. மூச்சு விட்டாதான் கோட்டு."
தீர்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
அறுபத்து மூன்று.
செல்போன் நம்பரை எழுதுவதுபோல எழுதிக்கொண்டாள்.

இடுப்பில் பெல்ட் வேண்டும் என்றேன்.
வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்து
பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.
"எத்தனை விரக்கடை?" என்றாள்.
உள்துணி மாதுளைச் சிவப்பு.
பை முழங்கை வரை போகணும்.
பொத்தான் பெரிசா.
"எந்தப் பக்கம்?"
அதற்குத்தான் கண் கலங்கியது.
ஹீட்டர் புகை என்று அவள் நினைத்திருக்கலாம்,
அது கரண்ட் ஹீட்டர்.

போட்டுக்கொண்ட முதல் நாளே பஸ் ஸ்டாப்பில்
"டேய், காட்டெருமைக்கு மஞ்சத் தண்ணி ஊத்திட்டாங்கடா"
என்றான் ஒரு பள்ளிக்கூடப் பையன்.
வலித்தது.
கம்பளி குளிரை மட்டும்தான் தடுக்கும்.
பைக்குள் கைவிட்டேன். முழங்கை வரை போனது.
பஸ் வந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
மிச்ச இடத்தில் ஒடுங்கிய கேரட் மூட்டைக்காரி
"கதகதன்னு இருக்கு தாயி" என்று
என்மேல் சாய்ந்து
கோத்தகிரி வரை குறட்டை விட்டாள்.

தயவுசெய்து என்னை மலையோடு ஒப்பிடாதீர்கள்.
மலைக்கு முட்டி வலிக்காது,
மலை ஈரப் படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்காது.
நான் ஐந்தடி ஒரு அங்குலம், எடை போடுகிறவள்,
இன்று உதட்டுச் சாயம் செங்கல் நிறம்.

நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது.
ஊர்ந்து வந்த லாரியிலிருந்து ஹாலன் தலையை நீட்டினான்:
"ரெண்டு வளைவுக்கு அங்கேயே தெரிஞ்சீங்க அக்கா."
"தெரியத்தானே தைச்சது."

கடைசி மூட்டை போனபின்
கொட்டகையில் நானும் தகரத்தில் மழையும்.
தராசு மேடையில் ஏறி நின்றேன்,
கோட்டு சொட்டச் சொட்ட.
முள் ஆடி அடங்கும்வரை இறங்கவில்லை.
பேரேட்டில் எழுதினேன்:
யோகராணி. நூற்று ஆறு. ஈரக் கழிவு இல்லை.

திங்கட்கிழமை கணக்கர் எட்வின் கூப்பிட்டார்.
"நூத்தாறு கிலோ இடிக்குதேம்மா,
எந்தத் தோட்டத்துக் கொழுந்து?"
"கொழுந்து இல்ல சார். நான்."
போனில் கொஞ்சநேரம் அங்கே பெய்யும் மழை கேட்டது.
"கோட்டையும் சேர்த்தா?"
"கோட்டையும் சேர்த்துத்தான்."